எரியாத சொட்டு

வேலைக்குப் போக வேண்டுமென்றால் கதவுக்குக் கண்ணைக் காட்ட வேண்டும். கதவிலிருந்து இரண்டு ரப்பர் விரல்கள் நீண்டு வந்து இமையை மேலும் கீழும் இழுத்துப் பிடிக்கும். உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் பாயும். வெள்ளைவிழியில் எத்தனை நரம்பு சிவந்திருக்கிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்து, பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லும். அதற்குச் சிவப்பெண் என்று பெயர். ஏழு வரைக்கும் கதவு திறக்கும். எட்டு என்றால் திறக்காது. மூன்று நாள் தொடர்ந்து எட்டு வந்தால் அந்த ஆளுக்கு நிலாவில் வேலை இல்லை. அடுத்த கப்பலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாம்பல்மேட்டுச் சுரங்கத்தின் நாற்பத்தெட்டு ஆட்களும் அந்தக் கதவைக் கங்காணி என்றுதான் சொன்னார்கள். தேயிலைக் காட்டுக்கு ஆள் பிடித்துப் போனவனுக்கு இருந்த பெயர். மனிதன் செத்து எத்தனையோ காலமாகியும் பெயர் மட்டும் கப்பல் ஏறி நிலா வரை வந்துவிட்டது.

"மற்ற கண்ணைக் காட்டவும்" என்றது கங்காணி.

"அது லீவுல இருக்கு" என்றாள் ஆவுடையம்மாள்.

ஒரு வருடமாகத் தினமும் நடக்கிற பேச்சு இது. கங்காணி கேட்பதை நிறுத்தவில்லை. அவளும் பதிலை மாற்றவில்லை. அவளுடைய வலது கண் போன வருடமே பால் ஊற்றினதுபோல வெளுத்துப் போயிருந்தது. மிச்சம் இருந்தது இடது கண். அன்றைக்கு அதன் எண் ஏழு. கதவு யோசித்து யோசித்துத் திறந்தது மாதிரி அவளுக்குத் தோன்றியது.

நிலாத் தூசி நம்மூர்த் தூசி மாதிரி இல்லை. உருட்டித் தேய்த்து முனையை மழுக்க அங்கே காற்றும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒவ்வொரு துகளும் உடைத்த கண்ணாடிச் சில்லு. கவசவுடையில் அட்டைபோல ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். உடையைக் கழற்றும்போது கண்ணில் ஏறும். ஏறினால் கரிக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும். கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர் தண்ணீர். அதில் வாய் கொப்பளிப்பதா, கண்ணைக் கழுவுவதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

உப்பளத்திலும் கல்குவாரியிலும் ஏற்கெனவே கண்ணைக் கொடுத்துப் பழகினவர்கள் என்பதால்தான் கம்பெனி இவர்களைத் தேடிப் பிடித்து ஏற்றியது. ஆள் குருடாவதில் கம்பெனிக்குக் கவலை இல்லை. ஆனால் கங்காணி திருப்பி அனுப்புகிறவர்களின் எண்ணிக்கை கூடி, துளைப்பு வண்டிகள் ஓட்ட ஆளில்லாமல் நிற்கத் தொடங்கியபோது கவலை வந்தது. அந்தக் கவலையின் பெயர்தான் மருந்தாய்வு.

அதை நடத்த வந்தவர் டாக்டர் ஜெபசீலி. நாகர்கோவில்காரர், நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ரெண்டு சொட்டு மருந்து இருக்கு. உங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணு. அறுபது நாள் விடணும். எது நல்லா கேக்குதோ அதை அப்புறம் எல்லாருக்கும் குடுப்போம்."

"எனக்கு எது வரும்?" என்று கேட்டார் சிலுவைமுத்து. வேப்பலோடை உப்பளத்தில் இருபது வருடம் வாரிப்பலகை பிடித்த ஆள். சங்கம் என்று பேருக்கு எதுவும் இல்லாத இடத்தில் அவர்தான் சங்கம். எல்லாருக்கும் அண்ணாச்சி.

"அது உங்களுக்குத் தெரியாது."

"சரி, உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கும் தெரியாது. பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர்ல எந்த மருந்துன்னு பூமியில ஒரு பெட்டகத்துல பூட்டி வச்சிருக்கு. அறுபது நாள் கழிச்சுத்தான் திறக்கும். இதுக்கு இருபுறம் அறியா ஆய்வுன்னு பேர்."

சிலுவைமுத்து எழுந்து நின்றார்.

"குடுக்கிறவங்களுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. அப்ப யாருக்குத்தான் தெரியும் டாக்டரம்மா? பரலோகத்துல இருக்கிறவருக்கா?"

சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்து மழுப்புகிறார் என்று நாற்பத்தெட்டுப் பேரும் அந்த நிமிடமே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

மருந்தைக் கொடுத்தது கம்பவுண்டர். அது சுவரில் பொருத்தின இயந்திரம். ஒரு பொந்து, ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான். தினமும் பாட்டிலை வாங்கி எடை பார்த்து, எத்தனை சொட்டு குறைந்திருக்கிறது என்று குறித்துவிட்டுத் திருப்பித் தரும். முதல் நாளே சிலுவைமுத்து அதன் பொந்துக்குள் தலையை விட்டுக் கேட்டார்: "வே கம்பவுண்டரே, நமக்குள்ள இருக்கட்டும். எதுல மருந்து, எதுல தண்ணி?"

"எனக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்றது கம்பவுண்டர்.

அவர் தலையை வெளியே எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார். "மெஷினே தெரியாதுங்குதுன்னா, எவ்வளவு பெரிய களவா இருக்கணும் பாத்துக்கிடுங்க."

ஆவுடையம்மாளுக்குப் பதினேழாம் நம்பர் பாட்டில் வந்தது. கயத்தாற்றுப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்தவள் அவள். புருஷன் குவாரிப் பள்ளத்தில் போனான். அவள் அதே பள்ளத்தில் லாரி ஓட்டப் படித்து, பிறகு நிலாவில் துளைப்பு வண்டிக்கு வந்தாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம். அதற்குள் இந்த இடது கண் போகக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதல் எதுவும் கிடையாது. "ஒத்தக் கண்ணோடயாவது ஊரு போய்ச் சேந்துரணும்" என்பதுதான் அவளுடைய மொத்தப் பிரார்த்தனை.

படுக்கையில் உட்கார்ந்து மூன்று சொட்டு விட்டாள். குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான். இன்னும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

எதிர்ப் படுக்கையில் கொம்பையா துள்ளிக் குதித்தான். முப்பது வயது வெல்டர். "ஐயோ யக்கா! கண்ணுக்குள்ள மிளகாய்ப் பொடிய அள்ளிப் போட்ட மாதிரி இருக்கே!"

"எரியுதா உனக்கு?"

"எரியுதாவா? உச்சந்தலையில ஏறுது. உனக்கு?"

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

இருவரும் ஒருவர் பாட்டிலை ஒருவர் பார்த்தார்கள். ஒரே பாட்டில், ஒரே மூடி. நம்பர் மட்டும் வேறு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் விஷயம் முழுக்க வெளியே வந்துவிட்டது. இருபத்துநாலு பேருக்கு எரிந்தது. இருபத்துநாலு பேருக்கு எரியவில்லை. அன்றே பெயரும் வைத்தாகிவிட்டது: காரக் கோஷ்டி, பச்சத்தண்ணிக் கோஷ்டி. பெட்டகத்தில் பூட்டின ரகசியத்தில் பாதியை ஒரு வேளைச் சோற்றில் உடைத்துவிட்டார்கள். மீதிப் பாதியை, அதாவது இரண்டில் எது நல்லது என்பதை, அவர்கள் உடைக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"எரிஞ்சாத்தான் மருந்து" என்றார் சிலுவைமுத்து. அவர் பச்சத்தண்ணிக் கோஷ்டி. "கசந்தாத்தான் கசாயம். ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு உக்கார முடியாம வலிக்கணும். சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கதுக்கு அது என்ன, கலரு சோடாவா? நம்ம இருவத்தினாலு பேரையும் தண்ணிய ஊத்தி ஏமாத்துதாவ."

டாக்டர் கூடத்துக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "எரியுறதுக்கும் மருந்து வேலை செய்றதுக்கும் சம்பந்தம் இல்லை. கெட்டுப் போகாம இருக்கச் சேக்குற உப்பாலகூட எரியலாம்."

"அப்ப எரியாததுதான் நல்ல மருந்துங்கீங்களா?"

"அப்படியும் நான் சொல்லலை."

"பாத்தீகளா, இவங்களும் இன்னது, இன்னது இல்லன்னு சொல்ல மாட்டேங்காவ."

யாரைத் தண்ணீருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஏன் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று துப்புத் துலக்குகிற வேலை தொடங்கியது. போன வருடம் சாப்பாடு சரியில்லை என்று தட்டைக் கவிழ்த்தவர்களில் ஏழு பேர் பச்சத்தண்ணியில் இருந்தார்கள். "பழிவாங்கல்" என்றார் சிலுவைமுத்து. அதே தட்டைக் கவிழ்த்த எட்டுப் பேர் காரக் கோஷ்டியிலும் இருந்ததை யாரோ சொன்னபோது, "அது நம்மளப் பிரிக்கிறதுக்கு" என்றார். உண்மையில் நம்பர்களைப் பகிர்ந்தது பூமியில் குருட்டாம்போக்கில் எண்களை உருட்டுகிற ஒரு சின்னக் கணிப்பான். அதற்கு இவர்கள் யாரென்றே தெரியாது. ஆனால் தங்களை யாரென்றே தெரியாத ஒன்று தங்களுக்குக் கூறு போடும் என்பதை நம்ப அவர்கள் தயாராக இல்லை. அவர்கள் வாழ்க்கையில் கூறு போட்டவர்கள் எல்லாரும் ஆள் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் கங்காணி தன்பாட்டுக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாளுக்கு நாலாம் நாள் ஆறு. எட்டாம் நாள் ஐந்து. பதினோராம் நாள் நாலு. கொம்பையாவுக்கு ஆறில் தொடங்கி ஏழு.

"யக்கா, உனக்குக் குறைஞ்சிருக்குல்லா?" என்று கேட்டான் அவன்.

"வண்டி மாத்திக் குடுத்திருக்கானே, அதுல கண்ணாடி இறுக்கமா இருக்கு. தூசி உள்ள வரல" என்றாள். அது அவளுடைய விளக்கம். "உனக்கு ஏன்ல ஏறுது?"

"அழுக்கு வெளியேறுதாம் யக்கா. அண்ணாச்சிதான் சொன்னாரு. முதல்ல சிவக்குமாம், அப்புறம் பட்டுன்னு இறங்குமாம்."

அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. இவனுக்கு அழுக்கு வெளியேறிக்கொண்டிருக்கிறது. தனக்கு எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. ஒருநாள் மொத்தமாக வலது கண்ணைத் தின்றதுபோல இதையும் தின்றுவிடும்.

பன்னிரண்டாம் நாள் கறி வந்தது.

மாதம் ஒருமுறை வளர்ப்புக் கறி வரும். தொட்டியில் வளர்த்து எடுத்த ஒரே கட்டி. கம்பவுண்டரிடம் கொடுத்தால் குன்றிமணி பிசகாமல் நாற்பத்தெட்டாக நறுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் கறி விஷயத்தில் அதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கறி என்றால் கூறு போட வேண்டும். சிலுவைமுத்து நாற்பத்தெட்டுக் கூறாகக் கையாலேயே பிரித்து வைப்பார். ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். அவள் திரும்பாமலே ஒரு பெயரைச் சொல்வாள். கூறைத் தொடுகிறவருக்குப் பெயர் தெரியாது. பெயர் சொல்கிறவளுக்குக் கூறு தெரியாது. யாரும் யாருக்கும் கொழுப்புத் துண்டைத் தள்ளிவிட முடியாது. கறிக்கூறில் அங்கே ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அன்றைக்குக் கறி முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. சிலுவைமுத்து ரசப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மேசை நடுவில் வைத்தார்.

"கறிக்குக் கூறு போடத் தெரிஞ்சவனுக்கு மருந்துக்குக் கூறு போடத் தெரியாதா? எரியுறதையும் எரியாததையும் ஒண்ணா ஊத்துவோம். கலக்குவோம். ஆளுக்குச் சமமாப் பங்கு வச்சுக்கிடுவோம். மருந்தா இருந்தா எல்லாருக்கும் மருந்து, விஷமா இருந்தா எல்லாருக்கும் விஷம். என்ன சொல்லுதீக?"

காரக் கோஷ்டியில் ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். தங்களிடம் இருப்பது உயர்ந்த சரக்கு என்று அவர்களுக்கு எண்ணம். கொம்பையாவும் பாட்டிலை மடிக்குள் வைத்துப் பிடித்திருந்தான். பிறகு ஆவுடையம்மாளின் வெளுத்த கண்ணைப் பார்த்தான். எழுந்து வந்து முதல் ஆளாக ஊற்றினான்.

"யக்கா, நீயும் ஊத்து."

அவள் கையில் பதினேழு இருந்தது. நாலு என்று கங்காணி காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. அது ஒரு நொடி அவள் கையைப் பிடித்தது. பச்சத்தண்ணியைப் போய் முதலாக வைத்துக்கொண்டு பங்கு கேட்கிறோமே என்ற கூச்சம் அந்தக் கையை விட்டுவிட்டது. ஊற்றினாள்.

கம்பவுண்டர் எடை பார்க்கும் என்பதை சிலுவைமுத்து மறக்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் முதலில் எந்த மட்டம் இருந்ததோ அங்கே நகத்தால் கீறி வைத்திருந்தார். உப்பளத்தில் பாத்தி நீரைக் கண் மட்டத்தில் அளந்த மனிதர். ஒரு சொட்டு பிசகவில்லை. மறுநாள் கம்பவுண்டர் நாற்பத்தெட்டுப் பாட்டிலையும் எடை பார்த்து, "சரியாக உள்ளது" என்றது. புதுப் பாட்டில்கள் வந்த வாரமெல்லாம் ரசப் பாத்திரம் மேசைக்கு வந்தது.

கலந்த மருந்து எல்லாருக்கும் கொஞ்சம் எரிந்தது. எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.

அறுபதாம் நாள் பூமியில் பெட்டகம் திறந்தார்கள். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. கம்பவுண்டர் அதைக் கூடத்தில் வாசித்தது. இரண்டு மருந்துகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இரண்டு பிரிவினரின் சராசரிச் சிவப்பெண்ணும் ஐந்தரை. ஆகவே, நிலாவிலேயே தயாரிக்கக்கூடிய முதல் மருந்து இனி எல்லாருக்கும் வழங்கப்படும். பூமியிலிருந்து வருவிக்க வேண்டிய இரண்டாம் மருந்து நிறுத்தப்படுகிறது. மிச்சப் பெட்டிகள் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படும்.

"முதல் மருந்துன்னா எது? எரியுறதா?" என்று கேட்டார் சிலுவைமுத்து.

"எரிச்சல் அதன் பக்கவிளைவு" என்றது கம்பவுண்டர்.

சிலுவைமுத்து மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா? கடைசில கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான் பாத்தீகளா?"

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாதவர் டாக்டர் ஜெபசீலி ஒருவர்தான். மறுநாள் அவர் ஒரு படத்தைக் கொண்டு வந்து கூடத்துச் சுவரில் ஓடவிட்டார். அதில் கங்காணி சொன்ன எண்களை வைத்து, மருந்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள். ஒன்று தொடங்கின இடத்திலிருந்து கொஞ்சம் மேலே போனது. இன்னொன்று கிணற்றில் வாளி இறங்கினதுபோல இறங்கியது. பன்னிரண்டாம் நாள் வரைக்கும் அப்படி. அதற்குப் பிறகு இரண்டும் நடுவில் வந்து சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசி வரை போயின.

"எனக்கு இதைப் பாத்தா ஒண்ணுதான் புரியுது" என்றார் டாக்டர். "ரெண்டாவது மருந்து கண்ணைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு. அன்னைக்கு என்னமோ நடந்து நின்னு போயிருக்கு. பன்னெண்டாம் நாள் என்ன நடந்துச்சு?"

"அன்னைக்குக் கறி போ…" என்று தொடங்கின கொம்பையா, மேசைக்கு அடியில் தன் காலை மிதித்த சிலுவைமுத்துவைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"நாங்க ஒப்பந்தத்துல சொன்னபடி தினம் மூணு சொட்டு" என்றார் சிலுவைமுத்து. "வேணும்னா கம்பவுண்டரக் கேளுங்க. எடை சரியா இருக்கா இல்லையா?"

"எடை சரியா இருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம். யாருமே ஒரு சொட்டுகூடச் சிந்தலை." டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாருக்கும் தண்டனை கிடையாது. சொன்னா மறுபடி ஆய்வு கேக்கலாம். கப்பல் நாலு நாள்ல போகுது. அதோட என் தவணையும் முடியுது."

தண்டனை கிடையாது என்று அவர் சொன்ன உடனே எல்லாருக்கும் தண்டனை நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. இல்லாத ஒன்றை யாராவது இல்லை என்று தேடி வந்து சொல்வார்களா?

நாற்பத்தெட்டுப் பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஆவுடையம்மாள் இறங்கின கோட்டைப் பார்த்தாள். ஏழு, ஆறு, ஐந்து, நாலு. அந்தப் படிகளில் அவள் இறங்கியிருந்தாள். இப்போது கங்காணி அவளுக்கு ஆறு சொல்லிக்கொண்டிருந்தது.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள், வேலை முறை மாறுகிற இடைவேளையில், அவள் மருத்துவ அறைக்குப் போனாள். டாக்டர் பெட்டிகளில் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க கலக்கல டாக்டரம்மா" என்றாள் ஆவுடையம்மாள், நின்றபடியே. "ஆனா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். கலந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

டாக்டரின் கை நின்றது.

"கலந்திருந்தா," என்றார் மெதுவாக, "நல்லது கெட்டதோட சேந்து பாதி நல்லதாயிருக்கும். ரெண்டும் ஒண்ணுதான்னு கணக்கு வந்திருக்கும். கம்பெனி எது லேசோ அதை எடுத்துக்கிட்டிருக்கும்."

"ம்."

"கலந்தோம்னு ஒரே ஒருத்தர் கண்ணொப்பம் வச்சுச் சொன்னாப் போதும். நான் மேல எழுதுவேன்."

கண்ணொப்பம் என்றால் கண்ணைக் காட்டி வைக்கிற கையெழுத்து. ஆவுடையம்மாள் வாழ்க்கையில் மூன்று முறை ஒப்பம் வைத்திருந்தாள். புருஷன் செத்ததற்கு ஒருமுறை, குவாரியின் மேல் பிராது இல்லை என்று ஒருமுறை, நிலாவுக்கு வர ஒருமுறை. மூன்றும் அவளுக்குப் படித்துக் காட்டினது வேறு, உள்ளே இருந்தது வேறு.

"நான்தான் ஒரு பேச்சுக்குன்னு சொன்னனே" என்றாள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆவுடையம்மா, நீங்க கறிக்கூறு போடுறதைப் பாத்திருக்கேன். நீங்க திரும்பி நிக்கிறீங்க, அவரு தொடுறாரு. யாருக்கும் தெரியாது, அதனால யாரும் ஏமாத்த முடியாது. நானும் அதேதான் செஞ்சேன். அதுல ஏன் உங்களுக்கு நம்பிக்கை வரலை?"

ஆவுடையம்மாள் யோசித்தாள். இந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது.

"எங்க கூறுல எல்லாம் கறிதான டாக்டரம்மா. எது விழுந்தாலும் கறி. நீங்க போட்ட கூறுல பாதி கறி, பாதி எலும்பு. அதை யாரு முதுகைத் திருப்பிக்கிட்டுப் போட்டா என்ன? எலும்பு விழுந்தவனுக்கு எலும்புதான?"

டாக்டர் எழுந்து போய், ஒட்டின பட்டையைக் கிழித்து, ஒரு பெட்டியிலிருந்து பெரிய பாட்டில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது உங்களோடது. பதினேழுல இருந்த அதே மருந்து. ஆறு மாசத்துக்கு வரும். வெளிய சொல்லாதீங்க, என் வேலை போயிரும். தினம் மூணு சொட்டு. அந்தக் கண்ணை விட்டுராதீங்க."

கடைசி வாக்கியம் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆவுடையம்மாள் அதையும் கவனித்தாள். பெரிய இடத்து ஆட்கள் கண் கலங்கிக் கொடுத்த எதுவும் அவளுக்கு நல்லதாக முடிந்ததில்லை.

படுக்கைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மூன்று சொட்டு விட்டாள். குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான். பிறகு கம்பவுண்டர் கொடுத்த புது மருந்தை விட்டாள். கண்ணுக்குள் நெருப்புக் குச்சி கிழித்ததுபோல இருந்தது. தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. அரைமணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு கண் ஏதோ வேலை பார்த்து முடித்த மாதிரி ஓய்ந்து கிடந்தது.

இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றை நாற்பத்தெட்டுப் பேருக்கும் நேராகக் கூடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இன்னொன்றை ஒருத்திக்கு மட்டும், யாருக்கும் சொல்லாதே என்று, கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் கொடுத்தார்கள். இதில் எது சோதனை என்று தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டுமா என்ன?

கொம்பையா உள்ளே வந்தான். வெல்டிங் முடித்து வந்த முகம். இமை இரண்டும் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. அன்றைக்கு அவனுக்கு எண் ஏழு.

"அரை டம்ளர் தண்ணி கண்ணுக்கே பத்தல யக்கா. தொண்டை வேற காயுது."

பாட்டிலை வீசி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. நிலாவில் தண்ணீரைக் கொட்டுகிறவளுக்கு நரகத்தில்கூட இடம் கிடையாது.

"இந்தா, இத வச்சுக்க. கழுவுறதுக்குச் சுத்தமான தண்ணி. டாக்டரம்மா போறப்பக் குடுத்துட்டுப் போனாவ. யார்கிட்டயும் சொல்லாத. தினம் கண்ணைக் கழுவிட்டு அப்புறம் மருந்து விடு."

"உனக்கு?"

"எனக்கு ஒத்தக் கண்ணுதான. என் அரை டம்ளர் எனக்குப் போதும்."

கப்பல் போய்விட்டது. டாக்டரும் பெட்டிகளும் போயாகிவிட்டது. கொம்பையா தினமும் தண்ணீரால் கண்ணைக் கழுவினான். பிறகு மருந்தை விட்டுக்கொண்டு துள்ளினான். பத்தாம் நாள் அவனுக்கு ஐந்து. மாதக் கடைசியில் மூன்று. அப்புறம் இரண்டு. அப்படியோர் எண்ணை அந்தக் கதவு சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. சிலுவைமுத்து அவனைக் கூடத்தில் நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, இமையை விரித்து எல்லாருக்கும் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க. முதல்ல சிவந்துச்சு, அப்புறம் பட்டுன்னு இறங்கிருச்சு. பொறுமையில்லாதவன்தான் மருந்தைக் குறை சொல்லுவான்."

ஊருக்கு அனுப்பின செய்திகளிலும் இது போனது. நிலாவில் ஒரு கண் மருந்து, நன்றாக எரியுமாம், கண்ணைப் பளிங்கு மாதிரி ஆக்கிவிடுமாம் என்று கோவில்பட்டி வரைக்கும் பேச்சு. கிடைக்காதவர்கள் சின்ன வெங்காயச் சாற்றை விட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையம்மாளுக்கு ஆறு ஏழானது. ஏழு பல நாள் ஏழாகவே நின்றது. பிறகு ஒரு திங்கட்கிழமை கங்காணி எட்டு என்றது. செவ்வாய்க்கிழமையும் எட்டு. படுக்கைக்குத் திரும்பி ஆறு சொட்டு விட்டாள்.

புதன்கிழமை வரிசையில் அவளுக்கு முன்னால் கொம்பையா நின்றான். "இரண்டு" என்று சொல்லிக் கங்காணி அவனுக்குக் கதவைத் திறந்தது. அவன் உள்ளே போய்த் திரும்பி நின்றான். ரப்பர் விரல்கள் ஆவுடையம்மாளின் இடது இமையைப் பிடித்து விரித்தன. வெளிச்சம் வந்ததா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் பால் நிறத்தில் இருந்தது.

"எட்டு" என்றது கங்காணி. கதவு சாத்திக்கொண்டது.

கதவில் இருந்த கம்பி இடைவெளி வழியாகக் கொம்பையாவின் குரல் வந்தது. "யக்கா, காலையில மருந்து விட்டியா?"

"விட்டேன்ல. ஆறு சொட்டு."

"எரியுதா?"

"எரியுது. உசுரு போகுது."

"அப்ப ஒண்ணும் பயப்படாத யக்கா. வேலை செய்யுது."

அவள் தலையாட்டினாள். வழிகிற தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கதவு இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள்.

"மற்ற கண்ணைக் காட்டவும்" என்றது கங்காணி.